கழுத்து வீக்கத்தின் காரணத்தைத் தேடிய குன்னூர் டாக்டர்



ஊட்டி காந்தலில் குளிர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வெயில் ஏறிவிட்டால் நாங்கள் எல்லாரும் கம்பளியைக் கழற்றி வைத்துவிடுவோம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி மட்டும் நடுப்பகலிலும் போர்த்திக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருப்பார். முகம் உப்பியிருக்கும். நாலு அடி நடந்தால் சோர்ந்துவிடுவார். பேச்சுகூட மெதுவாகத்தான் வரும்.

அந்தப் பாட்டிக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. டாக்டர் தினமும் சாப்பிட மாத்திரை கொடுத்திருந்தார். யாரோ சொன்னார்கள் என்று பாட்டி மாத்திரையை நிறுத்திவிட்டு, கொத்தமல்லி விதை ஊற வைத்த தண்ணீரைக் காலையில் குடித்து வந்தார். சில மாதங்களில்தான் இந்த நிலை.

ஏழாம் வகுப்பு படிக்கும் அவருடைய பேத்தி ஒரு நாள் என்னிடம் வந்தாள். தைராய்டுக்கு அயோடின் வேண்டும் என்று பாடத்தில் படித்தோமே, எங்கள் வீட்டில் அயோடின் உப்புதானே போடுகிறோம், பிறகு பாட்டிக்கு ஏன் மாத்திரை என்று கேட்டாள்.

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள்! அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் ஒரு டாக்டரின் கதையைச் சொன்னேன். அவர் நம் மலையில், இதோ பக்கத்துக் குன்னூரில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அயர்லாந்திலிருந்து வந்த இளைஞர்

அந்த டாக்டரின் பெயர் ராபர்ட் மெக்கரிசன். அயர்லாந்தின் வட பகுதியில் 1878ம் ஆண்டு மார்ச் 15ம் தேதி பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் படித்து, 1900ல் டாக்டர் ஆனார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தார். அப்போது இங்கே வெள்ளைக்காரர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

அவரை முதலில் அனுப்பிய இடம் சித்ரால். இமயமலைப் பக்கம், வடமேற்கு எல்லையில் இருக்கும் மலை நாடு அது. இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே இருந்த சிப்பாய்களுக்கு அவர் டாக்டர்.

அங்கே கோடை வந்தால் சிப்பாய்களுக்கு மூன்று நாள் காய்ச்சல் வரும். நாலாம் நாள் தானாகவே போய்விடும். தானாகப் போகிற காய்ச்சலைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? மெக்கரிசன் கவலைப்பட்டார். அது ஏன் வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். மணல் ஈ என்ற குட்டிப் பூச்சி கடிப்பதால் வரலாம் என்று எழுதினார். அது சரிதான் என்று பின்னால் மற்ற விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்.

பார்த்தீர்களா? எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவர் இல்லை அவர்.

கழுத்தில் தொங்கும் கழலை

1904ல் அவர் கில்கித் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார். அதுவும் மலை நாடுதான். சுமார் 7 ஆண்டுகள் அங்கே இருந்தார். அங்கே ஊருக்கு ஊர் ஒரு காட்சி அவர் கண்ணில் பட்டது. ஆண், பெண், குழந்தை என்று பலருடைய கழுத்திலும் முன்பக்கம் வீங்கியிருந்தது. சிலருக்கு எலுமிச்சம் பழம் அளவு. சிலருக்குப் பை போலத் தொங்கியது. இதைத்தான் முன்கழுத்துக் கழலை என்கிறோம்.

இதைவிடச் சோகமான ஒன்றும் இருந்தது. கழலை மிகுந்த ஊர்களில் சில குழந்தைகள் வளராமல் குள்ளமாகவே இருந்தார்கள். சிலருக்குக் காது கேட்கவில்லை, பேச்சு வரவில்லை. வயது ஏறினாலும் அறிவு வளரவில்லை. அவர்களின் தாய்மாருக்கும் பெரும்பாலும் கழலை இருந்தது. இந்தக் குழந்தைகளைப் பற்றி மெக்கரிசன் விரிவாக ஆராய்ந்து 1908ல் கட்டுரை எழுதினார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். தைராய்டு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு மேலே போகலாம். நம் கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. அது ஒரு ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, வளர்ச்சி, மூளையின் சுறுசுறுப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஹார்மோன் வேண்டும். குறைந்தால் உடம்பு மந்தமாகிவிடும். குளிர் தாங்காது. எங்கள் தெருப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அழுக்குத் தண்ணீரைக் குடித்தவர்

கில்கித்தில் வயல்களுக்கும் வீடுகளுக்கும் வாய்க்கால் தண்ணீர்தான். மேலே இருக்கும் ஊர் முதலில் எடுக்கும். மிச்சம் கீழே அடுத்த ஊருக்கு ஓடும். போகப் போக ஒவ்வொரு ஊரின் அழுக்கும் அதில் சேரும். மெக்கரிசன் ஒவ்வோர் ஊராகப் போய்க் கழலை உள்ளவர்களை எண்ணினார். மேல் ஊரைவிடக் கீழே போகப் போகக் கழலை அதிகமாக இருந்தது!

தண்ணீரில் உள்ள அழுக்கில்தான் ஏதோ கிருமி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? அந்தத் தண்ணீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய வண்டலைக் கலக்கித் தினமும் குடிக்கச் சம்மதித்தவர்களுக்குக் கொடுத்தார். மற்றவர்களைக் குடிக்கச் சொல்லிவிட்டு அவர் வேடிக்கை பார்க்கவில்லை. தாமும் குடித்தார்! அதே வண்டலைக் கொதிக்க வைத்து இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார். வண்டலை அப்படியே குடித்தவர்களில் சிலருக்கு மட்டும் கழுத்து வீங்கத் தொடங்கியது. கொதிக்க வைத்ததைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை.

நோய் வரும் என்று தெரிந்தே அழுக்கை விழுங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவருடைய பணிக்காக 1911ல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1913ல் லண்டனில் பெரிய மருத்துவர்கள் கூடிய சபையில் கழலை பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். 1917ல் தைராய்டு பற்றித் தனி நூலே எழுதினார்.

குன்னூரில் ஒரே ஓர் அறை

முதல் உலகப் போர் வந்தது. மெக்கரிசனும் போர்ப் பணிக்குப் போனார். போர் முடியும் நேரத்தில், 1918ல், நம் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவைப் பார்க்கப் போனவர்கள் பக்கத்தில் பாஸ்டியர் நிறுவனத்தையும் பார்த்திருப்பீர்கள். நாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க 1907ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே மெக்கரிசனுக்குக் கிடைத்தது ஒரே ஓர் அறை. பெரிபெரி என்ற நோயை ஆராய்வதுதான் வேலை. தவிட்டை முழுக்க நீக்கித் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போய், இதயம் பலவீனமாகும் நோய் அது. புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து, அவற்றின் உடம்பில் என்ன கெடுகிறது என்று ஆராய்ந்தார்.

1923ல் அரசாங்கம் செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி இந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 1925ல் மறுபடி தொடங்கியது. 1928ல் அந்த ஓர் அறை, ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அதன் முதல் இயக்குநர் மெக்கரிசன்தான்.

அங்கே அவர் செய்த எலிச் சோதனை உலகப் புகழ் பெற்றது. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவைத் தனித்தனியாகச் சமைத்து, எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, பழம் என்று பஞ்சாபின் சீக்கியர்கள் சாப்பிடும் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே அதிகமாகவும் பாலும் காயும் குறைவாகவும் இருந்த நம் சென்னை மாகாண உணவைத் தின்ற எலிகள் மெலிந்து போயின. நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, இல்லையா? அதற்காக அவர் நம்மைக் கேலி செய்யவில்லை. எதைச் சாப்பிட வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளும் படித்துத் தெரிந்துகொள்ள 1928ல் உணவு பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார்.

கழலையையும் அவர் மறக்கவில்லை. முயல்களுக்கு முட்டைக்கோஸை மட்டுமே கொடுத்தால் கழலை வருகிறது என்று 1928ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருந்தார்கள். உணவுக்கும் கழலைக்கும் உள்ள தொடர்பை மெக்கரிசனும் குன்னூரில் சோதித்தார். சோயா மொச்சையும் நிலக்கடலையும் மிகுந்த உணவு எலிகளின் தைராய்டை வீங்கச் செய்வதை 1933ல் எழுதினார். அதே ஆண்டில் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

முட்டைக்கோஸ் விளையும் மலையில் இருக்கிற நீங்கள் பயப்பட வேண்டாம்! அந்த விலங்குகளுக்கு ஒரே உணவையே அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள். நாம் வேக வைத்து, சோற்றோடு ஒரு கரண்டி பொரியல் சாப்பிடுகிறோம். அயோடின் உப்பும் சேர்க்கிறோம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

பெரியவரும் தவறலாம்

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கழலைக்குத் தண்ணீரில் உள்ள அழுக்கும் கிருமியும்தான் பெரிய காரணம் என்று மெக்கரிசன் நம்பினாரே, அது சரியா?

சரியில்லை. உண்மையான பெரிய காரணம் அயோடின் குறைவு.

அயோடினை 1811ல் பிரான்ஸ் நாட்டுக்காரர் குர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டுபிடித்தார். 1820ல் ஜெனீவா நகர டாக்டர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். தைராய்டு சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பது 1895ல் தெரிந்தது. மெக்கரிசன் தைராய்டு நூல் எழுதிய அதே 1917ல், அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் பள்ளி மாணவிகளுக்கு அயோடின் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குக் கழலை அநேகமாக வரவே இல்லை. 1922ல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடினைக் கலந்தது.

தைராய்டு ஹார்மோனைச் செய்ய அயோடின் இல்லாமல் முடியாது. அயோடின் போதாவிட்டால் கிடைப்பதை இழுத்துப் பிடிக்கச் சுரப்பி பாடுபட்டுப் பெருத்துவிடுகிறது. அதுதான் கழலை. மலை நாடுகளில் மழையும் பனியும் காலங்காலமாக மண்ணில் உள்ள அயோடினைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. அந்த மண்ணில் விளையும் காயிலும் தானியத்திலும் அயோடின் மிகக் குறைவு.

மெக்கரிசனுக்கு அயோடின் பற்றித் தெரியாமல் இல்லை. அது மட்டுமே காரணம் என்பதைத்தான் அவர் ஏற்கவில்லை. தம் கண்ணால் பார்த்த வாய்க்காலையும், தாம் குடித்த வண்டலையும் அவர் அதிகம் நம்பினார். அவர் பார்த்தது பொய்யும் இல்லை. ஏற்கெனவே அயோடின் குறைந்த ஊரில் அழுக்குத் தண்ணீரும் சில உணவுகளும் வீக்கத்தைக் கூட்டலாம். கிளையைப் பார்த்தவர் வேரைத் தவறவிட்டார். அவ்வளவுதான்.

1935ல் மெக்கரிசன் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். ஆக்ஸ்போர்டில் வாழ்ந்து, அங்கே 1945 முதல் 1955 வரை டாக்டர்களின் மேற்படிப்பைக் கவனித்துக்கொண்டார். 1960 மே 18ல் காலமானார். குன்னூரில் அவர் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம் 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

மிச்ச வேலையை முடித்தவர்

அந்தக் கூடம் குன்னூரில் இருந்தபோதே, 1940களின் கடைசியில், ஓர் இளம் டாக்டர் அங்கே வேலை செய்தார். ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் 1921ல் பிறந்தவர். பெயர் வி.ராமலிங்கஸ்வாமி.

இவர் 1956ல் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார். இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் கழலை மிகுந்த இடம் அது. சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. நடுவில் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகள் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைச் சோதித்தார்கள். அயோடின் உப்பு போன பகுதிகளில் கழலை பாதியாகவும் அதற்குக் கீழேயும் இறங்கியிருந்தது. சாதாரண உப்பு போன இடத்தில் குறையவே இல்லை. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பைக் கொடுத்தார்கள். அங்கேயும் குறைந்தது!

1962ல் இந்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2006 முதல், சமையலுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்ற தடை நாடு முழுவதும் இருக்கிறது. ராமலிங்கஸ்வாமி 2001ல் காலமானார்.

கடலில் இருந்துதானே உப்பு வருகிறது, அதில் அயோடின் இருக்காதா என்று சிலர் கேட்பீர்கள். உப்பு காயும்போது அயோடின் மிகக் கொஞ்சமே அதில் தங்கும். அதனால்தான் தனியாகச் சேர்க்கிறார்கள்.

பேத்தியின் கேள்விக்குப் பதில்

கதையை முடித்துவிட்டு அந்தப் பேத்தியிடம் சொன்னேன். அயோடின் உப்பு, அயோடின் குறைவால் வரும் கழலையையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடுவதையும் தடுக்கும். கர்ப்பமாக இருக்கும் அம்மாக்களுக்கு அது மிகவும் முக்கியம். ஆனால், உங்கள் பாட்டிக்கு வந்திருப்பது வேறு. நோயைத் தடுக்க வேண்டிய உடம்பின் காவல் படையே வழி தவறித் தைராய்டைத் தாக்கிவிட்டது. இன்று பெரியவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைய இதுவும் ஒரு முக்கியக் காரணம். அடுப்பே உடைந்த பிறகு விறகை அடுக்கி என்ன பயன்? சுரப்பி செய்ய முடியாத ஹார்மோனைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். உப்பும் அந்த வேலையைச் செய்யாது. கொத்தமல்லித் தண்ணீரும் செய்யாது.

கொத்தமல்லியை நான் குறை சொல்லவில்லை. ரசத்தில் போட்டால் மணக்கும்! அது மாத்திரைக்குப் பதில் ஆகாது என்றுதான் சொல்கிறேன். அயோடின் சொட்டு மருந்து, கடற்பாசி மாத்திரை என்று டாக்டரைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது. அயோடின் அளவுக்கு மிஞ்சினாலும் தைராய்டு கெடும்.

அந்தக் குட்டி வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் மெக்கரிசன் கதையை முழுதாகச் சொல்லியிருக்கிறாள். பாட்டி டாக்டரிடம் போனார். ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. காபி குடிப்பது அதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான். அதைக் கடிகாரம் பார்த்து நினைவூட்டுவது பேத்தியின் வேலை. சில மாதங்களுக்குப் பிறகு, பாட்டி குருசடிப் பக்கம் மெல்ல நடந்து வருவதைப் பார்த்தேன். வெயில் அடித்தது. கம்பளி இல்லை!

குழந்தைகளே, இன்று சமையலறைக்குப் போய் உப்பு பாக்கெட்டைப் பாருங்கள். அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருக்கிறதா? சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா? உப்பை மூடியுள்ள டப்பாவில், அடுப்புச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வைக்கச் சொல்லி அம்மாவுக்கு உதவுங்கள். வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிட்டால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். ஒரு காரணம் தோன்றியதும் அதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் மெக்கரிசன். அவ்வளவு பெரியவருக்கே ஒரு விஷயத்தில் விடை தப்பியது. அடுத்து வந்தவர்கள் மறுபடி சோதித்ததால்தான் உண்மை வெளிவந்தது. அப்படியிருக்க, யாரோ சொன்னார்கள் என்பதற்காக மருந்தை மாற்றலாமா? கேளுங்கள், தெரிந்தவர்களிடம் கேளுங்கள், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பேத்தி கேட்டது போல!